ஒன்பதாம் சுரங்கத்தில் ஆள் இல்லை

புதுக்காயலில் மக்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் அரசாங்கம் அவர்களை எண்ணி முடித்துவிடும். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் மணிக்கட்டுக்குள் அரிசி அளவில் ஓர் ‘உள்ளெண்’ வைத்துத் தைத்துவிடுவார்கள். அது ஓயாமல் துடிக்கும். நகரத்தின் நடுவிலிருக்கும் பேரெண்ணி என்ற இயந்திரம் அந்தத் துடிப்பைக் கேட்டு, யார் எங்கே தூங்கினார் என்று பார்த்து, மண்ணுக்கடியில் மக்கள் வாழும் சுரங்கங்கள் வாரியாகக் கணக்குச் சொல்லும். குளியலறை ஒலிபெருக்கியில் அது கேட்காத வீடே கிடையாது.

“எட்டாம் சுரங்கம், இரண்டாயிரத்து நாற்பது. ஒன்பதாம் சுரங்கம், சுழியம்.”

உலகம்மை வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு ஒலிபெருக்கியை ஓங்கி ஓர் அடி அடித்தாள். அந்த இரண்டு சுரங்கங்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவள்தான். ஒன்பதாம் சுரங்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, காகிதத்தில் அவளே எண்ணியிருந்தாள்.

தவறு பாறையில் இருந்தது. ஒன்பதாம் சுரங்கம் இரும்புத் தாதுவுக்குள் குடைந்தது. உள்ளெண்ணின் துடிப்பு அதைத் தாண்டி வெளியே வராது. அங்குள்ளவர்கள் காலையில் வேலைக்கு மேலே வரும்போது பேரெண்ணிக்குத் தெரிவார்கள், மாலையில் இறங்கியதும் மறைந்துவிடுவார்கள். இயந்திரம் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது: பயணத்திலிருப்போர். பதினோரு ஆண்டுகளாக அவர்கள் பயணத்திலேயே இருந்தார்கள். ஆளில்லாத சுரங்கத்துக்குக் காற்று எதற்கு என்று காற்றுத் துறை இப்போதுதான் விழித்துக்கொண்டது. அடுத்த மாதம் முதல் தேதி குழாயை மூடப்போகிறார்கள். வேறெங்காவது போகலாம் என்றால், காலி வீடு என்ற பேச்சே புதுக்காயலில் இல்லை.

இத்தனையும் போதாதென்று அன்று புள்ளிவிவர மசோதா அவைக்கு வந்தது. அதன் நான்காம் பிரிவு, பேரெண்ணியைத் தவிர வேறு எவரும் மக்களை எண்ணக் கூடாது, எண்ணினால் மூன்று ஆண்டு சிறை என்றது. நிறைவேறிய நொடியே அமலுக்கு வரும். அப்புறம் உலகம்மையின் காகிதத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பிருக்காது.

“ஒரு நாட்டுக்கு ஒரே கணக்குதான் இருக்க முடியும்” என்றார் அமைச்சர் அருணகிரி. எந்தக் கேள்விக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதில் பெயர் பெற்றவர். “ஆளுக்கொரு கணக்கு போட்டா நாடு என்னத்துக்கு ஆகும்?”

“அமைச்சரே, மேல பார்வையாளர் மாடத்தப் பாருங்க” என்று உலகம்மை எழுந்தாள். “பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்க. எல்லாரும் ஒன்பதாம் சுரங்கம். உங்க மெஷினு இல்லைன்னு சொல்ற ஆளுங்க.”

அமைச்சர் தம் மேசைத்திரையைப் பார்த்தார். “இருக்காங்களே! பேரெண்ணி பன்னெண்டு பேரையும் சரியா காட்டுது. பார்வையாளர் மாடத்துல இருக்காங்க. அதாவது, ஒன்பதாம் சுரங்கத்துல இல்ல.”

ஆளுங்கட்சி மேசைகளைத் தட்டியது. உலகம்மைக்கு உச்சி எரிந்தது.

“அப்போ ஒரு நாளு எங்கூட கீழ வாங்க. உங்க கண்ணால எண்ணிட்டுப் போங்க.”

“வந்தா நானும் கணக்குல காணாம போயிடுவேனே!” என்றார் அவர். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. ஆளுங்கட்சியின் பின்வரிசையிலேயே சிலர் குனிந்திருந்ததை உலகம்மை கவனித்தாள். மசோதாவை எதிர்க்கச் சொல்லி ஒரு வாரமாக ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நடந்தவள் அவள்.

மூன்று மணி நேர வாதத்துக்குப் பிறகு பேரவைத் தலைவர் தொண்டையைச் செருமினார். எழுபது உறுப்பினர்களின் மணிக்கட்டிலும் உள்ளெண் உண்டு; யார் எந்தப் பக்கம் என்று பேரெண்ணி கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லியிருக்கும். ஆனால் சட்டமியற்றும் அவைக்கென்று ஒரு மரபு இருக்கிறதல்லவா? பூமியிலிருந்து கப்பலேறி வந்தபோது எதைக் கைவிட்டாலும் அதைக் கைவிடவில்லை.

“ஏற்போர் ‘ஆம்’ என்க.”

ஆம் என்று முன்வரிசை முழங்கியது.

“மறுப்போர் ‘இல்லை’ என்க.”

இல்லை என்ற சத்தத்தில் கண்ணாடிக் கூரையே அதிர்ந்தது.

“ஏற்போரே அதிகம். மசோதா நிறைவேறியது.”

“எண்ணணும்!” என்று உலகம்மை கத்தினாள். “தலைய எண்ணணும் தலைவரே!”

“எனக்குக் காது நல்லாவே கேக்குது, உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. அவையின் நடுவே வந்து நின்று, “இல்லைன்னு சொன்னவங்க எந்திரிங்க” என்றாள். முதலில் ஒருவர், பிறகு நாலு பேர், பிறகு பின்வரிசை மொத்தமும் எழுந்தது. அவள் விரலை நீட்டி, தன்னையும் சேர்த்து உரக்க எண்ணினாள். முப்பத்தெட்டு.

“சட்டம் இப்போ அமல்ல இருக்கு” என்றார் தலைவர் நிதானமாக. “எண்ணுறது குற்றம். காவலர்களே!”

மசோதா தோற்றது என்று நிரூபிக்க ஒரே வழி எண்ணுவது; எண்ணக் கூடாது என்று அந்த மசோதாவே சொல்லியது. உலகம்மையை இழுத்துப்போனார்கள். நின்ற மற்ற முப்பத்தேழு பேரும் பெயர் கேட்பார்களோ என்று சட்டென்று உட்கார்ந்துகொண்டார்கள்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் மரியநாயகம் புதிய சட்டத்தின் புதிய படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு திணறினார். பாதிக்கப்பட்டவர் பெயர், இருப்பிடம் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. சட்டவிரோதமாக எண்ணப்பட்டவர்தான் பாதிக்கப்பட்டவர். உறுப்பினர்கள் யாரும் தங்களை எண்ணியதாக ஒப்புக்கொள்ளவில்லை.

“இந்தக் கட்டத்த நிரப்பாம கேஸ் நிக்காதும்மா” என்று அவர் அலுத்துக்கொண்டார். “மேலிடத்துல கேஸ் வேணும்னு உயிர எடுக்கறாங்க.”

உலகம்மை அந்தக் கட்டத்தை ஒருமுறை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதுங்க. ஒன்னு, சிவனணைஞ்சாள், ஒன்பதாம் சுரங்கம், கதவு நாலு. ரெண்டு, அவ புருஷன் மாடக்கண்ணு, அதே கதவு.”

“அம்மா, பேசாதீங்க! பேசுனா நான் எழுதணும்.”

“எழுதத்தான் சொல்றேன். உங்க கண்ணு முன்னாடியே குத்தம் பண்ணிக்கிட்டிருக்கேன். மூணு, பேச்சிக்கனி.”

மரியநாயகம் எழுதினார். சட்டப்படி அவரால் எழுதாமல் இருக்க முடியாது. சாயங்காலம் வரை எழுதினார்; விரல் வீங்கிவிட்டது. கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் பெயரோடும் கதவு எண்ணோடும், அரசு முத்திரை வைத்த குற்றப்பதிவில் ஏறினார்கள். அவர்கள் அங்கே குடிபோனதிலிருந்து அரசாங்கம் அவர்களின் முகவரியை எழுதியது அதுவே முதல் தடவை.

நீதிமன்றம் உடனே விழித்துக்கொண்டது. வழக்கு முடியும்வரை பாதிக்கப்பட்டவர்கள் தத்தம் இருப்பிடத்தை விட்டு வேறிடம் குடிபோகக் கூடாது, அங்கே அவர்களுக்கு எந்தத் தீங்கும் நேராமல் அரசே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை போனது. காற்றுத் துறை அதிகாரி ஆணையை மூன்று முறை படித்துவிட்டு, குழாயை மூட அமர்த்தியிருந்த ஆட்களை வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

மறுவாரம் உலகம்மையின் வழக்கறிஞர் துள்ளிக் குதித்துக்கொண்டு சிறைக்கு வந்தார். “அக்கா, சட்டமே செல்லாது! முப்பத்தெட்டு ஓட்டு எதிரா விழுந்ததுக்கு வீடியோவே இருக்கு. நாளைக்கே உடைச்சு உங்கள வெளிய கொண்டாந்துடுவேன்.”

“கொண்டாந்துட்டா?”

“கேஸ் முடிஞ்சிடும்.”

“முடிஞ்சா?”

“கோர்ட்டு ஆணையும்...” என்று தொடங்கிய வழக்கறிஞர், கையிலிருந்த மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நம்ம ஊரு கோர்ட்டுல ஒரு கேஸு சாதாரணமா எத்தன வருஷம் இழுக்கும், தம்பி?”

“முப்பது முப்பத்தஞ்சு வருஷம் ஆகும்க்கா. பூமியில இருந்தப்பவே அப்படித்தானாம்.”

உலகம்மை கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கைகூப்பினாள்.

“உனக்குப் புண்ணியமா போகும். போயி வாய்தா வாங்கு.”