ஐம்பத்து மூன்றாம் வாரம்

பட்டப்பகலில் அவளுடைய லேப்டாப் மணியடித்தது. கணவருக்கு வலி மாத்திரை கொடுக்க வேண்டிய நேரமாம். அவர் போய் மூன்று மாதமாகிறது.

காரணம் உடனே புரிந்துவிட்டது. வாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. "நாளை எண்ணுறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க, கணக்குப்புள்ள?" என்று கணவர் ஓயாமல் சீண்டுவார். சில வருடங்களில் ஐம்பத்து மூன்றாவதாக ஒரு வாரம் தொற்றிக்கொண்டு வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதில்தான் கோட்டைவிடுவார்கள். இந்த முறை அப்படி வந்த வாரத்தின் கடைசி நாளான ஞாயிறு விடியும்போதுதான் அவர் போனார். அந்தத் தேதியைக் காணச் சகிக்காமல், வீட்டுக்காக அவளே எழுதிய காலண்டர் நிரலில் நேற்று ஒரு வரி சேர்த்து, அந்த ஞாயிறை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். மாத்திரை மணியோ அந்த வாரம் முடியும்வரை அடிக்க வேண்டியது. கடைசி நாள் இல்லாத வாரம் எப்படி முடியும்?

அந்த வரியை அழித்தால் சரியாகிவிடும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோது, தரையைத் திரும்பத் திரும்பக் கழுவி, ஜன்னல்களை நாள்கணக்கில் திறந்துபோட்டு, ஒருவழியாக வீட்டைவிட்டு விரட்டியிருந்த மருந்து நெடி, பழைய வியர்வையோடு கலந்து, படுக்கையறைக் கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தது. கட்டில் முனகியது. பிறகு மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு.

"கணக்குப்புள்ள... இன்னும் விடியலையா?"

அந்தச் சனிக்கிழமை இரவு முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

"வலி உயிரை எடுக்குதும்மா. எப்பதான் விடியும்?"

விரல் அழிக்கும் விசைமீது நின்றது. அழுத்தினால் ஞாயிறு வந்துவிடும். வலி தீர்ந்துவிடும். அவரும் போய்விடுவார். இன்னொரு தடவை. ஒரு தடவையே அவளை உருக்குலைத்துவிட்டது.

விரலை எடுத்துக்கொண்டாள்.

படுக்கையறைக்குள் போனாள். கட்டிலைப் பார்க்கவில்லை. திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். வெயில் நுழைந்த இடுக்குகளில் துணியைத் திணித்தாள். இருட்டு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமான ஒரு கை துழாவி வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. சில்லென்றிருந்தது. நகங்கள் பதிந்தன.

"விடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லைங்க," என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அவர் அலறத் தொடங்கினார். அவள் அந்தக் கையை விடவில்லை.