பதினேழாம் சங்கு

"கலப்படம்! வேறென்ன?" என்றான் ஆய்வகத் தோழன் திவாகர்.

கணினித் திரையில் புள்ளிகள் ஒரு மூலையில் ஈ மொய்த்தாற்போல் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் தூத்துக்குடிக் கடலில் எடுத்த ஒரு சங்கு. சங்கின் சதையில் அரிசியளவு கிள்ளி, அதன் மரபணுவைப் படித்து, யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று ஒப்பிட்டால் இப்படிப் புள்ளி விழும். பதினேழாம் சங்கு மட்டும் எதிர்மூலையில், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனைப் போலத் தனியே நின்றது.

அதன் சதையைக் கிள்ளி டியூபில் போட்டவள் ஆய்வு மாணவி சுபைதா. அவள் கை சுத்தமில்லை, வேறு ஏதோ நத்தையின் சதை ஒட்டிக்கொண்டது என்பதுதான் திவாகர் சொன்னதன் பொருள். திரும்பப் பார்க்கலாம் என்றால் டியூபில் மிச்சமும் இல்லை. பேராசிரியர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "இதே மாதிரி இன்னொண்ணு கொண்டு வா. இல்லேன்னா அந்தப் பெட்டி முழுக்கச் சந்தேகம்தான். தூக்கிப் போட்டுரலாம்."

பெட்டி என்றால் சுபைதாவின் ஒரு வருஷ உழைப்பு. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழுந்துவிட்டால் கடலுக்குள் இறங்கவே முடியாது.

மறுநாள் விடிந்ததும் கில்பர்ட்டின் வள்ளம் புறப்பட்டது. கில்பர்ட் ஓட்டுபவர், அவர் தம்பி அமலன் சங்கு குளிப்பவன். கலப்படம் நடக்கிறதா என்று கண்ணால் பார்க்கத் திவாகரும் தொற்றிக்கொண்டான். துறைமுகம் தாண்டுவதற்குள் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டான்.

பதினேழாம் சங்கு கிடைத்த இடம் கரைப்பார். பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் தட்டு. சுபைதாவும் அமலனும் முதுகில் காற்று உருளையோடு குதித்தார்கள். மணலைத் துழாவினார்கள், ஏறினார்கள், மறுபடி குதித்தார்கள். வந்த சங்குகளெல்லாம் வழக்கமானவை. பரிசோதனை செய்யாமலே தெரிந்தது: அகன்ற வயிறு, மழுங்கிய முனை. பதினேழோ ஒல்லி. அவள் எடுத்த படத்திலேயே அது தனித்துத் தெரிந்தது.

"போதும்மா, வெயில் ஏறிட்டு," என்றார் கில்பர்ட்.

அப்போதுதான் வெளிக்கடலிலிருந்து ஒரு சங்கு வள்ளம் கரையை நோக்கி விரைந்து வந்தது. அதில் ஒருவன் குந்தியிருந்து குவியலைப் பொறுக்கிப் பொறுக்கி, சிலதைத் தண்ணீரில் வீசிக்கொண்டே போனான்.

"என்னத்த எறியுறாங்க, அண்ணாச்சி?" என்று கேட்டாள் சுபைதா.

"சின்னச் சங்கு. அளவு கொறைஞ்சத கரைக்குக் கொண்டு போவக்கூடாதுல்லா? கடல்லதான் விடணும்."

"எடுத்த இடத்திலேயே விட வேண்டியதுதானே?"

"அது வெளிப்பார்ல எடுத்தது. அங்கன உக்காந்து பொறுக்கிக்கிட்டிருந்தா எப்ப கரையேற? வார வழியில இப்படியே எறிஞ்சிருவோம். கடல் எல்லாம் ஒண்ணுதான?"

சுபைதா ஈரத் தலையோடு துள்ளி எழுந்தாள். வள்ளம் ஆடியது.

"ஒண்ணு இல்ல அண்ணாச்சி! சங்குக் குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. முட்டைக்கூட்டை விட்டு வந்ததும் தரையில ஊரும். ரெண்டு பாருக்கும் நடுவுல பெரிய பள்ளம் கிடக்கே, அதை எப்படித் தாண்டும்? பதினேழு நடந்து வரல. யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க!"

திவாகர் வெளிறிய முகத்தை நிமிர்த்தினான். "போட்டிருக்கலாம்," என்றான். ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் வெளிப்பார். மேற்கே வானம் மங்கலாக இருந்தது. "ஒரு முங்குதான். காத்து வந்தா நான் நிக்க மாட்டேன்," என்று கில்பர்ட் எச்சரித்தார்.

கீழே நீரோட்டம் ஆளை இழுத்தது. சுபைதா பாறையைப் பற்றிப் பற்றி ஊர்ந்தாள். மணலில் ஒரு முனை! தோண்டினாள். ஒல்லிச் சங்கு! பக்கத்தில் இன்னொன்று! வலைப்பை கனக்கக் கனக்க, ஓட்டம் பையோடு சேர்த்து அவளையும் உருட்டியது. அமலன் கட்டை விரலை உயர்த்தினான்: மேலே! அவளுடைய காற்று உருளையின் அளவுமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. ஒரு கையில் பையோடு ஏற முடியாது. பையை விடவும் மனமில்லை. நங்கூரக் கயிற்றை எட்டிப் பிடித்து, பையை அதில் இறுகக் கட்டிவிட்டு, இரண்டு கையாலும் கயிறேறி வெளியே வந்தாள்.

கில்பர்ட்டும் திவாகரும் கயிற்றை இழுத்தார்கள். பை வந்தது! அத்தனையும் ஒல்லிச் சங்குகள். ஒவ்வொன்றிலும் புதுக் கத்தியால் ஒரு துணுக்கு, ஒரு டியூப். திவாகர் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

காற்று வந்துவிட்டது. கில்பர்ட் வள்ளத்தைத் திருப்பி முடுக்கினார். பார் பின்னால் போயிற்று. அமலன் சங்குக் கூடையைத் தூக்கி விளிம்பில் வைத்தான். "யக்கா, இதுகள கரைப்பார்ல போட்டுருவோம். போற வழிதானே?"

"வேண்டாம்! அண்ணாச்சி, திருப்புங்க!"

"காத்தப் பாத்தியாம்மா?"

"பாத்தேன். வெளிப்பார் காலியானா, கரைப்பார்லேருந்து ஒரு சங்கும் போய் அதை நிரப்பாது. இருக்கிறதையும் நாமளே இடம் மாத்தணுமா?"

கில்பர்ட் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. ஆனால் வள்ளம் திரும்பியது. அலை முகத்தில் அறைந்தது. பாருக்கு நேர் மேலே, திவாகர்தான் சங்குகளை மறுபடி வலைப்பையில் அள்ளி, கயிற்றில் கட்டி அடிமட்டும் இறக்கிக் கவிழ்த்தான். அவன் சட்டை முழுக்க உப்பு. வாந்தி எடுக்க மறந்துபோயிருந்தான்.

முடிவு வந்த அன்று, எதிர்மூலையில் புள்ளிகள் குவிந்து நின்றன. நடுவில் பதினேழு, சொந்தபந்தத்தோடு. திவாகர் திரையைச் சுபைதா பக்கம் திருப்பி வைத்தான்.

"உன் டியூப் சுத்தம். நான் சொன்னது தப்பு," என்றான். பெட்டி தப்பியது.

அடுத்த பருவத்தில் அவள் அதே வள்ளத்தில் ஏறினாள். வெளிப்பாரில் இன்னும் சில வள்ளங்கள் நின்றன. ஒன்று சங்குக் குவியலோடு கரைக்குக் கிளம்ப, கில்பர்ட் எழுந்து நின்று கடலே அதிரக் கத்தினார்:

"ஏலே! சின்னத எடுத்த எடத்துலயே போட்டுட்டுப் போங்கல! அதுகளுக்கும் சொந்த ஊரு இருக்கு!"