சவுக்கு மரத்து ஏழாவது பை

சனிக்கிழமை காலை எட்டே கால் மணிக்கு இராக்கம்மா பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த யோகா கொமியுனிகேஷனுக்குள் நுழைந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஷுக்ரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அழுது வீங்கிய கண்களைக் கண்டு சந்தோசப்படுகிற அளவுக்கு அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக உடைந்த சார்ஜர் ஓட்டைகளை மட்டுமே குடைந்துகொண்டிருந்த மனிதனுக்கு ஒரு மர்மம் தேவைப்பட்டது.

கடை யோகமலருடையது. பதினொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுத்தவர், பிறகு அதே வேலையைச் சொந்தக் கடையில் தொடர்ந்தார். கடை மூலையில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துக் கைத்தொலைபேசி திருத்தியவன் ஷுக்ரி. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் வாப்பா. யோகமலர் துப்பறிவார், தான் அவருக்கு வலது கை என்பது அவன் எண்ணம். அந்தக் கை கொஞ்சம் அவசரக் கை என்பது யோகமலரின் எண்ணம்.

"மிஸ், தொலைஞ்ச போன கண்டுபிடிச்சுத் தருவீங்கன்னு சொன்னாங்க" என்றாள் இராக்கம்மா.

"இருங்கோ அம்மா. முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ."

இராக்கம்மா பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவள். மகள் தமயந்தி குவைத்தில் வீட்டு வேலை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடவா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்க ஞாயிறு நாலு மணிக்குப் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பரிலிருந்து எடுப்பாள். திருப்பி எடுக்க வழியில்லை.

"நான் என்னங்க சொல்லப் போறேன்? வந்துருன்னுதான். ஆனா போன் இல்லாட்டி அவ என்ன நெனைப்பா? அம்மாவுக்கு இஷ்டமில்ல போலன்னு போட்டுருவா. இன்னும் ரெண்டு வருசம் அவ மொகத்தப் பாக்காம என்னால முடியாதுங்க."

"போன் எங்கே தொலைஞ்சது?"

"மரத்துலங்க."

ஷுக்ரி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"எங்க லயத்து வீடுகள்ல சிக்னலே இல்லிங்க. மூணாம் நம்பர் மலையில ஒரு சவுக்கு மரம் இருக்கு. அதுக்கடியில மட்டுந்தான் எடுக்கும். அதனால கொழுந்தெடுக்கப் போறப்ப எல்லாரும் போன ஷொப்பிங் பேக்குல போட்டுக் கிளையில மாட்டிருவோம். ஒரு நாளைக்கு மூணு நிறுவை. நிறுக்க மரத்தடிக்கு வர்றப்ப அவங்கவங்க பையத் தொறந்து பாப்போம்."

"வேற ஆக்களின்ர போன் அடிச்சா?"

"தொடவே மாட்டோம். போன வருசம் ஒருத்தி போன இன்னொருத்தி எடுத்துப் பேசி, ரெண்டு லயத்துக்கும் பெரிய சண்டை. அதுல இருந்து அது மரத்துச் சட்டம்."

"உங்கட போனுக்கு என்ன பாட்டு?"

"வாங்குனப்ப இருந்த அதே டிங்கிரி டிங்கிரிதாங்க. மரத்துல மாட்டுற ஏழு போனுக்கும் அதேதான்."

நேற்று அந்தி நிறுவையின்போது மழை கொட்டிவிட்டது. கணக்கப்பிள்ளை மாரிசாமி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கிளையில் தொங்கிய தராசையும் தன் சாமான்களையும் ஒரே அள்ளாகச் சாக்கில் வாரிப் போட்டுக்கொண்டு ஓடினார். பெண்களும் ஓடினார்கள். பாதி வழியில் நினைவு வந்து இராக்கம்மா திரும்பிப் போனபோது கிளை வெறுமையாக இருந்தது. எதிரே கடைசியாக வந்தவள் பக்கத்துக் காம்பராவின் சுபாஜினி. போன வாரம்தான் சுபாஜினியின் போன் பீலிக் குழாய்த் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது.

"பதினஞ்சு வருசமா ஒரே சுவர்தாங்க எங்களுக்கு நடுவுல. நேத்து ராத்திரி நான் கேட்ட கேள்விக்கு அவ கதவச் சாத்திட்டா." இராக்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அக்கா, போன் கொம்பனியில எனக்கொரு கூட்டாளி ஈக்கான்" என்று ஷுக்ரி எழுந்தே விட்டான். "அந்த சுபாஜினி இப்ப என்ன நம்பர் பாவிக்கிறா, ஆரோட பேசுறா, எல்லாம் ரகசியமா எடுத்துத் தருவான்."

"இருங்கோ ஷுக்ரி. அவவிட்டக் கேளாமல் அவவின்ர விசயத்தை நோண்டுறதுக்கு நாங்கள் ஆர்? தொலைஞ்சது இராக்கம்மாவின்ர போன். அவ சம்மதிச்சா அதுக்கு அடிச்சுப் பாப்பம். ஆரும் எடுக்காட்டிக் காசும் போகாது." யோகமலர் இராக்கம்மா பக்கம் திரும்பினார். "அடிக்கட்டா அம்மா?"

"அடிங்க மிஸ்."

எட்டரைக்கு அடித்தபோது தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று பதிவுக் குரல் சொன்னது. ஒன்பது மணிக்கும் அதே. யோகமலர் பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருந்தார். ஒன்பது நாற்பதுக்கு மணி அடித்தது. மூன்று பேரும் போனை நோக்கிக் குனிந்து கேட்டார்கள். யாரும் எடுக்கவில்லை, தானாகவே நின்றது. பத்து இருபதுக்கு மறுபடி எல்லைக்கு அப்பால். பன்னிரண்டே காலுக்குத் திரும்பவும் மணி. ஒரு மணிக்கு மறுபடி ஒன்றுமில்லை.

"தெளிவா வெளங்குது" என்றான் ஷுக்ரி. "கள்ளன் ஓன் பண்றான், பயந்து ஓஃப் பண்றான்."

"கள்ளனெண்டா முதல் வேலையா சிம்மைக் கழட்டி எறிஞ்சிருப்பான்." யோகமலர் தாளை மடித்தார். "அம்மா, இண்டைக்கு உங்கட மலையில வேலை நடக்குதோ?"

"நடக்குதுங்க. கொழுந்து நெறைய இருக்கு. நான்தான் லீவு போட்டேன்."

"நாளைக்கு?"

"ஞாயித்துக்கெழமை லீவுங்க. கொழுந்து சேக்குற மடுவத்தப் பூட்டிருவாங்க."

"அந்தி நிறுவை எத்தினை மணிக்கு?"

"நாலரைக்குங்க."

"அப்ப மூண்டு மணி பஸ். ஷுக்ரி, கடையைப் பூட்டுங்கோ. இண்டைக்கே போகவேணும்."

பஸ்ஸில் போகும்போது ஷுக்ரி ஆறு சந்தேகங்களை முன்வைத்தான். ஆறையும் யோகமலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான். அதே தாளை அவனும் பத்துத் தடவை பார்த்தான், அதில் நேரங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

அவர்கள் மரத்தடிக்கு ஏறிவந்தபோது நிறுவை தொடங்கியிருந்தது. தராசு கிளையில் தொங்கியது. அதன் சாக்கு பக்கத்துக் கொப்பில் மாட்டியிருந்தது. இன்னொரு கிளையில் வரிசையாக ஐந்து பைகள். சுபாஜினி இராக்கம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன் தேட வந்தீங்களா?" என்றார் மாரிசாமி. "போன் மட்டுமா தொலையுது? நேத்துக் கிளையில காயப்போட்ட என் கம்பளிச் சட்டையும் காணோம். வீட்டுக்காரி நான் எங்கயோ விட்டுட்டு வந்துட்டேன்னு காலையில இருந்து திட்டுறா. இதுல வேற இன்னைக்கு ரெண்டு நிறுவையிலயும் யார் போனோ அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. எடுங்கடின்னா ஒருத்தியும் அசையல."

யோகமலர் சிரித்தார். ஷுக்ரி அந்தச் சிரிப்பை அறிவான். வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். என்ன வேலை என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

"ஆரும் குறை நினைக்காதேங்கோ. உங்கட உங்கட பையை நீங்களே எடுத்துக் கையில வச்சிருக்கிறியளோ?"

ஐந்து பெண்கள் ஐந்து பைகளை எடுத்துக்கொண்டார்கள். கிளை வெறுமையானது.

"இராக்கம்மாவின்ர போனுக்கு நாங்கள் காலையில இருந்து அடிச்சம். அது ஒன்பது நாற்பதுக்கு அடிச்சது, பன்னிரண்டே காலுக்கு அடிச்சது. இடையில சத்தமில்லை. ஒரு நாளைக்கு மூண்டு தரம் சிக்னலுக்குள்ள வந்து போற சாமான் இந்த மலையில என்ன இருக்கு?"

"நாங்கதான்" என்றாள் ஒருத்தி.

"நீங்கள் வந்தா உங்கட கையில போன் தெரியும். உங்களோட சேர்ந்து இன்னொண்டும் வருது. நிறுவைக்கு வந்து, நிறுவை முடிய மடுவத்துக்குப் போகுது. அங்க சிக்னல் இல்லை. இஞ்ச வந்து அது அடிச்ச நேரம் எல்லாருக்கும் கேட்டது. ஆனா ஏழு போனுக்கும் ஒரே சத்தம். பக்கத்துக்காரியின்ர போன் எண்டு ஒவ்வொருத்தரும் நினைச்சியள். மரத்துச் சட்டப்படி தொடாமல் விட்டியள். இந்த மலையில எல்லாரும் நேர்மையா இருந்தபடியாத்தான் அந்தப் போன் கிடைக்கேல்லை."

ஷுக்ரியின் பார்வை மெதுவாகத் தராசிலிருந்து அதன் சாக்குக்கு நகர்ந்தது. மாரிசாமியின் பார்வையும் அங்கேதான் போனது.

"மழையில கிளையோட வாரி அள்ளினியள், கணக்கப்பிள்ளை. சட்டையும் அதோட சிக்கின பையும் அடியில கிடக்கு. இண்டைக்கு வெயில், அதால சட்டையைத் தேடிக் கை உள்ள போகேல்லை. சாக்கைத் தொட முதல் உங்களிட்டக் கேக்கிறன். அடிச்சுப் பாக்கட்டோ?"

"தாராளமா அடிங்க" என்றார் மாரிசாமி.

"அடியுங்கோ ஷுக்ரி."

சாக்குக்குள்ளிருந்து டிங்கிரி டிங்கிரி என்று கிளம்பியது. ஐந்து பெண்களும் பழக்கதோசத்தில் தங்கள் பைகளைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஷுக்ரி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றிருந்தது.

"அக்கா, நான் இன்னும் அமுத்தல்ல."

மாரிசாமி சாக்கைக் கவிழ்த்தார். ஈரக் கம்பளிச் சட்டை விழுந்தது. அதன் கைக்குள்ளிருந்து ஒரு பை உருண்டது. எல்லோரும் விலகி நின்றார்கள், அதைத் தொடவேண்டியவள் இராக்கம்மா மட்டுமே. அவள் பையைக் கிழித்துப் போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா? நான்தான். நாளைக்குன்னு சொன்னேன், இன்னைக்கே கையெழுத்துக் கேக்குறாங்க. அந்தி நிறுவைக்கு நீங்க மரத்தடியில இருப்பீங்கன்னு தெரியும், அதான் இப்ப எடுத்தேன்."

எப்போதும் சாப்பிட்டாயா என்று தொடங்குகிறவள் இராக்கம்மா. இந்தத் தடவை அது இரண்டாவதாக வந்தது.

"போடாத கண்ணு. வந்துரு. நீ சாப்புட்டியா?"

அதற்குப் பிறகு அவள் அழுதாள். கேட்டுக்கொண்டு நிற்பது முறையில்லை என்று எல்லோரும் பத்தடி கீழே இறங்கினார்கள். சுபாஜினி மட்டும் திரும்பி வந்து, இராக்கம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இராக்கம்மா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே ஷுக்ரிக்குத்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஒரு தடவையாவது அடிக்காமல் போவதா? மெதுவாகப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தான்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் யோகமலர்.

"லைன் பிஸி அக்கா" என்றான் ஷுக்ரி. அந்தப் பீப் சத்தத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.