நாற்பத்தாறு கிலோமீட்டர்

பட்டப்பகல் இரண்டு மணிக்கு, வெறும் சுவருக்கு முன்னால், தரையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி படம் இல்லை. சுவரில் புதிதாக அடித்த ஆணி ஒன்று மட்டும் இருந்தது. அடித்தபோது உதிர்ந்த சுண்ணாம்புத் தூளைக்கூட யாரும் கூட்டவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். கயல்விழி பார்த்தாள், பார்த்ததோடு விட்டுவிட்டாள். அவள் கண்ணெல்லாம் விற்பனைக்கு வைத்திருந்த டிரெட்மில் மேல்தான் இருந்தது.

மூன்று வாரமாக அவளுக்கு அதுவே நினைப்பு. கணவர் செந்தமிழ்ச்செல்வன் சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளையும் தினமும் ஒரு சுற்று நடக்கிறவர். ஒருநாள் தெற்கு வீதியில், பூக்கடைக்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், நடை நின்றால் அடுத்த தடவை நான் பொறுப்பில்லை என்று சொன்னார். மனுஷன் தெருவில் இறங்கவே பயந்தார். விழுந்தால் தூக்க ஆள் இருக்குமா என்ற பயம். நடக்காவிட்டால் போய்விடுவார் என்ற பயம் கயல்விழிக்கு. அந்த இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரு மெஷின் வாங்கியாக வேண்டும்.

வாங்குவதுதான் பாடாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு. ஹாலில் சோபாவும் பீரோவும் போக ஆறடி நீளம், மூன்றடி அகலம் மிச்சம். டேப்பை எடுத்துக்கொண்டு அவள் அளந்த அளவுக்கு அந்த வீட்டைக் கட்டின கொத்தனார்கூட அளந்திருக்க மாட்டார். கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிற தட்டை மாடலுக்குக் கைப்பிடி இல்லை. தலை சுற்றுகிறவர் எதைப் பிடிப்பார்? கடைக்காரர் காட்டிய பெரிய மாடலுக்குப் பீரோவை விற்க வேண்டும். கடைசியில் போனில் ஒரு விளம்பரம் கிடைத்தது. கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு வீடு. மடக்கி நிறுத்தலாம், இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி, சட்டையில் மாட்டிக்கொள்ள சிவப்புச் சாவி. ஆள் விழுந்தால் சாவி பிடுங்கிக்கொள்ளும், மெஷின் உடனே நின்றுவிடும். அந்தச் சாவிதான் அவளை இழுத்தது.

வீட்டுக்காரப் பெண் எழிலரசி கதவைத் திறந்தபோது வாங்க என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுகூட வாயில் வருவதில்லை என்று கயல்விழி மனசுக்குள் நொடித்துக்கொண்டு டேப்பை நீட்டினாள். ஐந்தடி எட்டங்குலம். கச்சிதம். கூட வந்த மெக்கானிக் ஓட்டிப் பார்த்து, மோட்டார் நன்றாக இருக்கிறது என்றார். பழைய கிலோமீட்டரை அழித்துப் பூஜ்யமாக்கினார். ஆளைக் கூப்பிட்டு மெஷினைக் கீழே இறக்கினார்கள். எழிலரசியும் பின்னாலேயே தெருவுக்குப் போனாள்.

கயல்விழி கைப்பையை எடுக்கும்போதுதான் உள் அறையில் ஒருவர் இருப்பதைக் கண்டாள். கதவு பாதி சாத்தியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. வெள்ளை வேட்டி. ஒட்டினாற்போல் வைத்த இரண்டு பாதங்கள். கட்டைவிரல் பக்கம் ஒரு துணிச் சுற்று. சர்க்கரைப் புண்ணாக இருக்கும் என்று நினைத்தாள். பெரியவரின் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறோமே என்று சங்கடமாக இருந்தது. சொல்லாமல் போக மனசு வரவில்லை.

"நான் வரேங்க. எங்க வீட்டுக்காரருக்குத்தான் மெஷினு. பாவம், துணையில்லாம நடக்கணும். சிதம்பரம் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க, அவுருக்கும் துணையா இருக்கும்."

பாதங்கள் அசையவில்லை. பதிலும் இல்லை. காது மந்தம்போல.

குட்டியானை வண்டியை ஓட்டிவந்த கொளஞ்சி, சிதம்பரத்தில் மெஷினை மாடியேற்றி முடித்து, வண்டியின் மீட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த வாசல்லேந்து இந்த வாசலு, சரியா நாப்பத்தாறு கிலோமீட்டருக்கா."

அது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் செல்வன் அதில் ஏற வேண்டும். அதுவரைக்கும் வேடிக்கை பார்க்கட்டும் என்று பிளக்கை மட்டும் சொருகிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தவளுக்குக் கருவாட்டு வாடை அடித்தது. துறைமுகத்தில், வெயிலில் காயப்போட்ட மீனின் கனத்த வாடை. சமையலறையில் முகர்ந்தாள், குப்பைக் கூடையில் முகர்ந்தாள். டிரெட்மில் பக்கம்தான் ஜாஸ்தியாக இருந்தது. மெஷினின் சிவப்பு எழுத்தில் 7.1 என்று இருந்தது.

திருட்டுத்தனமாக ஏறி நடந்தீர்களா என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் சத்தியம் செய்தார். மத்தியானம் மாத்திரை போட்டுத் தூங்கியவர், எழுந்ததே ஐந்து மணிக்காம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கினால்கூட 'வரேன் கயலு' என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவர். அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள். படியேறும்போது கீழ்வீட்டில் டியூஷன் எடுக்கிற பிரிசில்லா டீச்சர் வழிமறித்தாள். மேலே என்ன செய்கிறீர்கள், காலையிலிருந்து தலைமேல் இடி என்றாள். நடை பழகுகிறார் போல என்று கயல்விழி சமாளித்தாள்.

"நடக்குற சத்தம் எனக்குத் தெரியாதாக்கா? இது அப்படி இல்ல. ரெண்டு காலையும் சேத்து வச்சிக் குதிச்சிக் குதிச்சிப் போற மாதிரி இருக்குது."

மேலே செல்வன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். 19.8. கறுப்புப் பெல்ட்டின் மேல் செம்மண் புழுதி, விரலால் கோடு போடலாம் போல. அவள் ஈரத்துணியால் துடைத்தாள். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். சிவப்புச் சாவியைக் கழற்றிக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். மின்சாரக் கோளாறுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைச் சொன்ன குரல் அவளுக்கே நம்பிக்கையாக இல்லை.

ஞாயிறு முழுக்க எதிர்ச் சோபாவில் உட்கார்ந்து காவல் இருந்தாள். மெஷின் மரக்கட்டையாகக் கிடந்தது. சாயங்காலம் காய்கறி வாங்க அரைமணி நேரம்தான் கீழே போனாள். திரும்பி வந்தபோது, கரண்டே இல்லாத மெஷினில் எழுத்து எரிந்தது. 33.4.

செல்வன் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையாச்சும் வீட்டுக்கு வரச்சொல்லி இருக்கியா கயலு?"

"இல்லியே. ஏங்க?"

"ஒண்ணுமில்ல, கனாதான். மூணு நாளா அதே கனா. நம்ம கடலூர் ரோடு. ஒருத்தரு வந்துகிட்டே இருக்காரு. பாவம், காலு சரியில்ல அவுருக்கு."

அவள் கொளஞ்சிக்குப் போன் போட்டு, மெஷினைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை விடியக்காலையில் வருவதாகச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு நாள்தான். அந்த ராத்திரி கணவரின் மார்பில் கையை வைத்தபடியே படுத்திருந்தாள். இதயம் அடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பெல்ட் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உப்பங்கழிச் சேற்று நாற்றம். 40.2.

அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். கடலூர் பஸ்ஸில் வரும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் ஜன்னல் வழியாக அடிக்கிற நாற்றம். பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம் வந்தாயிற்று.

அப்போதே புருஷனைக் கூட்டிக்கொண்டு எங்காவது போயிருக்கலாம். அவள் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காகிதக் கட்டு வருகிற நாள், அலமாரிச் சாவி அவளிடம். ஒரு மணி நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம். கதவை யாருக்கும் திறக்காதீர்கள் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் சரி சரி என்றார்.

ஆபீஸில் உட்கார்ந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். 7, கடலூர் முதுநகர் துறைமுகம். 19, ஆலப்பாக்கம் செம்மண். 40, வெள்ளாறு. பேனாவை வைத்துவிட்டு எழிலரசிக்குப் போன் போட்டாள்.

சுற்றி வளைக்கவில்லை. அந்த மெஷின் யாருடையது என்று கேட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளுடைய மாமனார் தில்லைநாதன் மெஷினில் நடக்கும்போதே விழுந்து இறந்துபோனாராம். சாவு வீட்டுச் சாமான் என்றால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று, கயல்விழி வருகிற அன்று மாலை போட்ட படத்தைக் கழற்றி ஒளித்துவைத்திருக்கிறாள். விளக்கை அணைக்க மட்டும் கை வரவில்லையாம்.

"பதினாறுகூட ஆவலக்கா. அன்னிக்கு ஒம்பதாம் நாளு. எங்க வீட்டுக்காரரும் மெட்ராஸ்ல. அத பாத்தா எனக்கு பயமா இருந்துச்சி, அதான்."

"அப்ப உள்ள ரூம்புல உக்காந்திருந்தவுரு யாரு?"

"உள்ளயா? வீட்ல நான் மட்டுந்தான்க்கா இருந்தேன்."

வெள்ளை வேட்டி. ஒட்டிய பாதங்கள். கட்டைவிரலில் துணி. புண் இல்லை அது. பிணத்துக்குக் கால் அகலாமல் இருக்கச் சேர்த்துக் கட்டுகிற கட்டு.

போனில் எழிலரசியின் அழுகை நின்றது. குரல் மாறியது.

"அக்கா. கௌம்பும்போது அவுருகிட்ட என்னா சொன்னீங்க?"

சாவு வீட்டுக்குப் போனால் வரேன் என்று சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அங்கே யாரும் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கயல்விழி வரேன் என்று சொன்னாள். வாங்க என்றும் சொன்னாள். முகவரிக்குப் பதில், அவர் நடந்து நடந்து பழகிய மெஷினையே தூக்கிவந்து ஹாலில் போட்டுக்கொண்டாள்.

போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. பிரிசில்லா.

"அக்கா, மேல சத்தம் நின்னு போச்சி. இப்ப மாடிப்படில கேக்குது. என் வாசலத் தாண்டி ஏறுது. நான் கதவைத் தொறக்கல."

ஆட்டோவில் ஏறியதும் கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. கீழ வீதித் திருப்பத்தில் நெரிசல். இறங்கி ஓடினாள்.

படியில் மணல். கடற்கரை மணல், ஈரமாக. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு தடம். இரண்டு பாதம் ஒட்டிய தடம். எல்லாம் ஏறிப்போன தடங்கள். இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தாழ்ப்பாளைத் திறந்தது செல்வன்தான். வந்தவருக்கு உபசாரமும் செய்திருந்தார். டீப்பாயில் இரண்டு தம்ளர் தண்ணீர். ஒன்று காலி. மற்றதில் தண்ணீர் அப்படியே இருந்தது, அடியில் மணல் படிந்திருந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிளக் தரையில் கிடந்தது. சாவி அவள் கைப்பையில் இருந்தது.

செல்வன் அதன்மேல் இருந்தார். ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தார். பெல்ட்டில் பாதி இடத்தை விட்டு ஒதுங்கி, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல. அந்தப் பாதி காலியாகத்தான் இருந்தது. ஆனால் பெல்ட் அங்கேயும் அழுந்தி அழுந்தி எழுந்தது. அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது. விருந்தாளி வந்தால் சிரிக்கிற அதே சிரிப்பு. உதடு நீலமாக இருந்தது.

"வந்துட்டாரு கயலு. துணைக்கு வாங்கன்னு நீதான் கூப்புட்டியாம்ல."

அவள் பாய்ந்து நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள். சில்லென்றிருந்தது. அசையவில்லை.

"எறங்குங்க. என்னப் பாருங்க. எறங்கி வாங்க."

எழுத்து மாறியது. 46.0. அதற்குமேல் ஏறவில்லை.

45.9.

45.8.

இருபத்து நான்கு வருஷத்தில் ஒருநாளும், எந்த வாசலிலும், அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"நான் போறேன், கயலு."

கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. வெறுங்கால்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணி. இறுக்கமான முடிச்சு. கால்கள் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன. தொப். பக்கத்தில், காலி இடத்தில், அதே நேரத்துக்கு இன்னொரு தொப்.

45.7.