ஒரே கரையில் இரண்டு மரங்கள்

"கண்ணைத் திறந்துண்டு நடக்கப்படாதா?"

கரமனை பஸ் ஸ்டாப்பில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்தவனின் குடை இடித்ததில் விஜயலக்ஷ்மியின் காகிதப் பொட்டலம் பிரிந்து, உலர்ந்த கிளைகள் ஈரத்தில் சிதறின.

"ஐயோ... நான் பாக்கல்லே." குனிந்து பொறுக்கினான். "இந்தச் சுள்ளிக்கா இவ்வளவு கோவம்?"

"சுள்ளியா! டார்ஜிலிங்லேர்ந்து கொண்டுவந்தது. நாளைக்குக் காலேஜ்ல காட்டணும். இது ஆல்டர் மரத்துக் கிளை, அது வில்லோ..."

"பாக்கதுக்கு ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாவரவியல் எம்.எஸ்ஸி. மாணவி ஆயிற்றே... விட முடியுமா? வில்லோ இலை விரல்போல ஒல்லி. ஆல்டர் இலை அகலம். வில்லோ விதை பஞ்சாய்ப் பறந்துவிடும். ஆல்டர் காயோ விதை உதிர்ந்த பின்னும் கிளையைவிட்டுப் போகாது...

"ரெண்டும் எங்கே வளரும்?"

"ஆத்தங்கரையிலதான். ரெண்டுக்கும் தண்ணி வேணும்."

"ஒரே கரையில... பக்கத்துல பக்கத்துல நிக்குமா?"

நனைந்த இமைகளை உயர்த்தி அவளைப் பார்த்தான். அவன் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை... புரிந்ததும் அவள் கன்னம் சூடாயிற்று.

தாணுலிங்கம். சாலை என்ற கடைத்தெருவில் குடும்பத்தின் இரும்புக்கடையைப் பார்த்துக்கொள்கிறவன். அதன்பின் மாலைதோறும் அதே ஸ்டாப்பில் நின்றான். பஸ் தாமதமாக வரட்டும் என்று இருவருமே வேண்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவளோடு அப்பாவும் வந்தார். தாணுலிங்கம் வழக்கம்போலச் சிரித்தபடி அருகே வந்தான்.

"யாருடி இது?"

அக்ரஹாரத்து அப்பா... சாலை இரும்புக்கடைக்காரன்... அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியலைப்பா... யாரோ."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. திரும்பி, மழையில் நடந்துபோனான்.

பிறகு அவன் வரவேயில்லை. பஸ்கள் வந்தன, போயின... ஒவ்வொரு குடைக்குள்ளும் அவனைத் தேடினாள். சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. பம்பாயிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொன்ன அன்று உடைந்து அழுது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாலைக் கடையில் போய் நின்றாள். அவன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேணும்?" வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல...

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். நேத்து அப்பாகிட்ட நிஜத்தைச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"இனி எனக்குப் பொண்ணே கிடையாதுன்னுட்டார்..."

அவன் குனிந்து, நிறுத்த ஆணிகளையே மறுபடி தராசில் அள்ளிப் போட்டான்.

"நீங்களாவது ஏதாவது பேசுங்கோ..."

"பேசினா அழுதிருவேன்... அதான்." புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "உங்களை வெறுக்கணும்னுதான் பாத்தேன், கேட்டேளா... ஒருநாள்கூட முடியல்லே. உயிரா நெனச்சாச்சு. இனி என்ன செய்ய?"