சிவப்பு மூடி, நீல மூடி

எலும்பின் பலத்தை அளக்கும் எலும்புமானியிலிருந்து இறங்கியபோது இசக்கிச்செல்வி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நிலவுச் சுரங்கத்தில் ஐந்து வருட வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை விண்ணோடம் ஏறினால் பூமி. இரண்டு வயதில் விட்டு வந்த மகளுக்கு இப்போது ஏழு வயது.

நிலவில் உடம்பின் எடை ஆறில் ஒரு பங்குதான். எலும்பும் தசையும் கரைந்து போகும். அதற்குத்தான் தினம் காலையில் சிவப்பு மூடிக் குப்பியிலிருந்து நாக்கில் ஒரு சொட்டு இழைதேர் ஊக்கி. உடம்பெல்லாம் சுற்றினாலும் எலும்பையும் தசையையும் மட்டும் வளர்க்கும் ஹார்மோன் அது. ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை.

டாக்டர் ஞானதுரை திரையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

"என்னண்ணே, எவ்வளவு காட்டுது?"

"எலும்பு பலம் நூத்துக்கு நாப்பதுதான். நீ போக முடியாதும்மா. பூமியில காலை ஊன்றினா இடுப்பு நொறுங்கிரும்."

"என்ன பேச்சு பேசுதிய! மூணு ஆள் தூக்குற பாறையை ஒத்தையில தூக்குதேன்."

"தசை நல்லாத்தான் இருக்கு. சுரங்கத்து ஆளுங்களுக்குக் குடுக்கிற மருந்து தசைக்கு மட்டுந்தான்."

எலும்பை வளர்க்கும் பகுதியை மருந்திலிருந்து நிர்வாகம் முதல் வருடமே எடுத்துவிட்டதாம். பாறை தூக்கத் தசை போதும். எலும்பு ஊர் திரும்புகிறவர்களுக்குத்தானே வேண்டும்!

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அதுக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான்."

அடப்பாவி! "நம்ம ஊர்ப் பொண்ணு, மருந்தை மறந்துராத" என்று ஐந்து வருடமாகச் சொன்ன வாய் அது. இசக்கிச்செல்விக்கு அழுகைகூட வரவில்லை.

"நீங்களும் வெள்ளிக்கிழமை போறிய, என்ன?"

"எனக்கு வேற குப்பி, நீல மூடிம்மா. கையெழுத்துப் போட்டதுக்குக் குடுத்தாங்க. அதுல எலும்புக்கும் மருந்து இருக்கு."

"யாரு சொன்னா?"

"நிர்வாகந்தான்."

"எங்க சிவப்பு மூடியைப் பத்தியும் அவங்கதானே சொன்னாங்க. ஏறுங்க இதுல."

ஊர் போகும் முன்புதான் எலும்புமானியில் ஏறுவது அங்கே வழக்கம். நீல மூடியை நம்பியிருந்த டாக்டர் தயங்கித் தயங்கி ஏறினார். அவள் திரையைப் பார்த்தாள்.

"எவ்வளவும்மா?"

"என்னைவிட ரெண்டு கம்மிண்ணே."

அவர் இறங்கி வந்து தானே திரையைப் பார்த்தார். பயணத்துக்குத் தகுதியில்லை என்று அவள் பெயர் எழுதிய படிவம் மேசையில் இருந்தது. அங்கே கையெழுத்துப் போட வேறு டாக்டர் கிடையாது.

இசக்கிச்செல்வி இன்னொரு படிவத்தை எடுத்து அவர் பெயரை எழுதினாள். பேனாவை நீட்டினாள்.

"போடுங்கண்ணே. உங்களுக்குப் பழக்கந்தானே."