முதலில் வைத்த குரல்

கூதிர்க்காலம் பெயரளவில் வந்திருந்தது. வாடை வீசவில்லை, மழை பொய்த்துப் பல்லாண்டு ஆயிற்று. சாம்பல் படிந்த வானத்தின்கீழ்க் கடல் மட்டும் உறக்கங்கெட்ட நோயாளியைப்போல முனகிக்கொண்டிருந்தது. அப்பருவத்தின் அயர்வு கரையோர ஏவுதளத்துச் சுவர்களிலும் ஊறியிருந்தது.

மங்கையர்க்கரசி வழக்கம்போல் நீறணிந்து பிணைப்புக்கூடத்தில் அமர்ந்தாள். புவியை நீங்கும் கலங்களுக்கு மென்பொருள் பிணைத்துத் தருவது அவள் பணி. புறப்பட்ட கலத்தோடு பின்னர் எத்தொடர்பும் கிடையாது. ஆகவே அதற்கு வேண்டிய யாவற்றையும் நிலைநூலகங்கள் எனும் ஆயத்த நிரல்தொகுப்புகளிலிருந்து படியெடுத்து, முன்னரே அதன் மூளைக்குள் பதித்துவிட வேண்டும். மூச்சுக்காற்றுக்கு ஒரு நூலகம், விதைகளுக்கு ஒன்று, துயிற்பேழைகளுக்கு ஒன்று. ஸ்டேட்டிக் லைப்ரரி என்ற பழம்பெயரையும் சிலர் சொல்வதுண்டு.

அன்று மாலை புறப்படும் கலத்துக்கு அவளே ஒரு நூலகம் ஆக்கியிருந்தாள். மறைந்த கணவர் திருநீலகண்டர் கோயில் ஓதுவார். அவர் பாடிவைத்த பள்ளியெழுச்சிப் பதிகங்களை அதில் கட்டிவைத்தாள். மகள் இசைஞானி போக இசைந்ததே அதற்காகத்தான். "நூறு வருஷம் தூங்கச் சொல்றே. அப்பா பாடி எழுப்பினாத்தான் எழுந்திருப்பேன். இல்லேன்னா போர்வையை இழுத்து மூடிக்குவேன், பாத்துக்கோ" என்று சிரித்தபடியே பேழைக்குள் படுத்தாள்.

கலத்தை முத்திரையிடும் அதிகாரி சேந்தன் வந்து நின்றார்.

"மென்பொருளோட அளவு குறையுதே, அம்மா. உங்க வீட்டுக்காரர் ஏறாம கரையிலேயே நின்னுட்டாரா?"

அவள் புன்னகையோடு திரையைப் பார்த்தாள். புன்னகை உறைந்தது.

நூலகங்களைக் கலத்தின் மென்பொருளோடு இணைக்கும் பிணைப்பி, அவற்றின் வரிசையை ஒருமுறைதான் படிக்கும். ஒரு நூலகத்துக்கு முன்னுள்ளவை எதைக் கேட்டனவோ அதை மட்டுமே அதிலிருந்து எடுக்கும். கேளாததை விட்டுவிட்டு நகரும். அவள் கணவரின் குரலை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருந்தாள். அவ்விடத்தில் அதைக் கேட்க எவரும் இல்லை. பாட்டு உயிர்காக்கும் பொருளன்று என்று கலத்தை வடிவமைத்த குழு அதன் அழைப்பைக் கட்டாயமற்றதாகக் குறித்திருந்ததால், பிழைச்செய்தியும் எழவில்லை.

"இத்தனை வருஷ அனுபவத்துல, இதை ஏன் முதல்ல வெச்சீங்க?"

"நூல் தொடங்கினா காப்புச் செய்யுள் முதல்லதானே வரணும், ஐயா."

சேந்தன் குரலைத் தாழ்த்தினார். "திருத்தணும்னா கலத்தோட மூளையை நிறுத்தணும். பேழையெல்லாம் விழிச்சுக்கும். ரெண்டாந்தரம் உறைஞ்சவங்கள்ல பாதிப்பேர் எழுந்ததில்லை. நிறுத்த எனக்கு அதிகாரம் இருக்கு. நீங்க சொல்லுங்க."

மற்றப் பேழைகளிலும் யாரோ பெற்ற பிள்ளைகள் கிடந்தார்கள்.

"வேண்டாம். புறப்படட்டும்."

அந்திச் சாம்பலைக் கிழித்துக்கொண்டு கலம் எழுந்தது. நூறாண்டு கழித்து அது இசைஞானியின் தந்தை குரலை அழைக்கும்; வெற்றிடத்தைத் தொட்டு, ஓசையின்றி அடுத்த வேலைக்குப் போய்விடும். மகள் காத்துக் கிடப்பாள்.

ஒளி மறைந்த திசை நோக்கி மங்கையர்க்கரசி மணலில் அமர்ந்தாள். நீற்றை எடுத்து அத்திசையில் தூவினாள். சுருதி சேராத தன் குரலில் பள்ளியெழுச்சியை முதலிலிருந்து கடைசிவரை ஓதினாள்.

பிறகு கைகூப்பிச் சொன்னாள்: "அப்பா கூப்பிடலேன்னாலும் எழுந்திரு, கண்ணு. நீ கண் திறக்கிற இடத்துல வெளிச்சம் இருக்கட்டும். மழை பெய்யட்டும். நல்லா இரு."